மாலையானால் 40 மீட்டரில் ஒரே இரைச்சல்: பல்பைச் சந்தேகப்படலாமா?

மொட்டைமாடி டைபோல், கும்பகோணம்

எல்லாருக்கும் வணக்கம். ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசென்ஸ் வாங்கி, மாடியில் 7 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது 40 மீட்டர் பேண்டுக்கு, ஒரு டைபோல் கம்பி ஆண்டெனா கட்டியிருக்கிறேன். இடம் போதாததால் ஒரு முனை பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி முடிகிறது. காலையில் கோவை, திருநெல்வேலி, பெங்களூர் எல்லாம் தெளிவாக வரும், யாரும் பேசாதபோது எஸ் மீட்டர் (சிக்னல் பலம் காட்டுகிற முள்) 3-ஐத் தாண்டாது. விளக்கு வைக்கிற நேரமானதும் முள் ஏறி 8-ல் உட்கார்ந்துவிடுகிறது. குறைந்த பவரில் பேசுகிறவர்கள் அதற்குள் மூழ்கிப்போகிறார்கள்.

எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகுகிற சின்ன ரிசீவர்) போட்டு அலைவரிசைகளைத் திரையில் பார்த்தேன். தடித்த பட்டைகள், ஏறக்குறைய 65 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்று. விளக்குப் போட்ட புதிதில் மெல்ல நகர்கின்றன, அரை மணி போனால் ஓரளவு அடங்கி நிற்கின்றன. காதுக்குக் கரகரவென்று, அடியில் ஒரு ஹம். தெருவில் எல்லா வீட்டிலும் எல்இடிதான். எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

பழைய வால்வு, சேலம்

தம்பி, 40 மீட்டரில் இரவில் இரைச்சல் ஏறுவதில் பாதி இயற்கைதான். சூரியன் மறைந்ததும், பகலில் வானத்தில் ரேடியோ அலையை உறிஞ்சுகிற டி அடுக்கு கரைந்துவிடும். எங்கோ தூரத்தில் இடிக்கிற இடியெல்லாம் நம் ஆண்டெனாவுக்கு வரும். 7200 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள் வேறு குவிந்து கிடக்கும். அதையெல்லாம் பல்பின் தலையில் கட்ட முடியாது. ஆனால் 65 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்டுப் பட்டை பட்டையாக வருவது இடி இல்லை. அது ஏதோ ஒரு ஸ்விட்சிங் சர்க்யூட்.

செட்டை பேட்டரியில் ஓட்டு. லேப்டாப் சார்ஜரைக் கழற்று. அப்புறம் மெயினை அணை. இங்கேதான் பல பேர் ஏமாறுகிறார்கள்: வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மெயினை அணைத்த அடுத்த நொடி அது ஓட ஆரம்பித்துவிடும். இருந்த சத்தத்தோடு அதன் சத்தமும் சேரும். அதையும் சேர்த்து அணை. எல்லாம் அணைந்த பிறகும் முள் 8-லேயே நின்றால் உன் வீட்டில் தேடிப் பயனில்லை. இறங்கினால் எம்சிபியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்.

ஈபி லைன் சத்தம் வேறு ரகம். கம்பத்தில் இன்சுலேட்டர் பழுதாகியோ ஜம்பர் தளர்ந்தோ பொறி பறந்தால், குறைந்த அலைவரிசையிலிருந்து மேலே வரை சீராகப் பரவி உறுமும். பட்டையாகப் பிரியாது. விளக்கு வைக்கிற நேரம் பார்த்தும் வராது.

திருச்சி 936, திருவையாறு

எனக்கு ஹாம் எல்லாம் தெரியாது, மத்திய அலை மட்டும் கேட்கிறவன். இரவு ஏழு மணிக்கு மேல் 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி வானொலியைப் போட்டால் அறிவிப்பாளர் பேசுவதைவிட என் வீட்டு டியூப் பேசுவதுதான் அதிகமாகக் கேட்கிறது. பழைய சோக் போட்ட டியூப் லைட் இருந்தபோது ஸ்டார்ட்டர் பற்றுகிற நேரத்துக்கு மட்டும் படபடக்கும், அப்புறம் ஓய்ந்துவிடும். இப்போது விடிய விடிய.

ரேடியோவைப் படுக்கவைத்து, திருப்பித் திருப்பி வைத்தால் ஒரு திசையில் குறைகிறது. ஏன் என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய வால்வு, சேலம்

உள்ளே இருக்கிற ஃபெரைட் தண்டுதான் ஆண்டெனா. தண்டின் முனை நோக்கும் திசையிலிருந்து வருவதை அது வாங்காது. அந்த முனையைச் சத்தத்தின் பக்கம் நீட்டினால் சத்தம் அமுங்கும். தம்பிக்கும் இதே சமாச்சாரம் உதவும். ஒரு பாக்கெட் ஏஎம் ரேடியோவை நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தால், பல்பு எது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

சோக்குக் கடை, ஈரோடு

சிஎஃப்எல் காலத்திலிருந்து பல்பைப் பிரித்துப் பார்ப்பதுதான் நமக்குத் தொழில். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிஎஃப்எல் எடுத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை டிசி ஆக்கி, 13003 டிரான்சிஸ்டர் இரண்டை மாற்றி மாற்றித் திறந்து மூடி, 40 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் குழலை எரியவைப்பார்கள். பழைய குண்டு பல்பில் வெறும் கம்பி. அதில் ஸ்விட்ச் ஆக ஒன்றுமே இல்லை. ரேடியோக்காரர்களுக்குத் தலைவலி ஆரம்பித்ததே சிஎஃப்எல்லில்தான்.

இப்போது கடையில் 9 வாட் எல்இடி என்று ஒரே மாதிரி வெள்ளை உருண்டையாக அடுக்கி வைத்திருப்போம். உள்ளே மூன்று ஜாதி இருக்கிறது. முதலாவது டிரைவர் பல்பு. சின்னஞ்சிறு போர்டில் ஒரு ஐசி, ஒரு காயில், இரண்டு மூன்று கெபாசிட்டர். அந்த ஐசி நொடிக்கு 50 ஆயிரம் முதல் ஒரு லட்சம் தடவைக்கு மேல்கூட கரன்டை வெட்டி வெட்டி விடும். வெட்டு சுள்ளென்று இருந்தால்தான் சூடு குறையும், சூடு குறைந்தால்தான் எஃபிஷியன்ஸி. ஆனால் எவ்வளவு சுள்ளென்று வெட்டுகிறதோ அவ்வளவு மேலே அந்த வேகத்தின் மடங்குகள் (ஹார்மோனிக்) போகும். தம்பி சொன்ன 65 கிலோஹெர்ட்ஸையே வைத்துக்கொள்ளுங்கள். அதன் 108-வது மடங்கு 7020. நேராக உங்கள் பேண்டுக்குள். பல்பு சூடாகச் சூடாக ஐசியின் வேகம் ஒரு சதவீதம் நகர்ந்தால் போதும், 7 மெகாஹெர்ட்ஸில் அது 70 கிலோஹெர்ட்ஸ் நகர்வு. போதாக்குறைக்கு, ஏசியை டிசி ஆக்குகிற டயோடு பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற கெபாசிட்டர் சின்னது என்றால் நொடிக்கு 100 தடவை வோல்டேஜ் ஏறி இறங்கும், அதற்கேற்ப வேகமும் ஆடும். கோடாகத் தெரிய வேண்டியது பட்டையாகத் தெரிவதும், அடியில் ஹம் கேட்பதும் அதனால்தான்.

இதை நிறுத்த வழி தெரியாமல் இல்லை. பிரிட்ஜுக்கு முன்னால் ஒரு சுருளும் ஒரு எக்ஸ் ரகக் கெபாசிட்டரும் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். நேற்றுப் பிரித்த ஒரு பல்பில் போர்டின் மேல் சுருளுக்கு இடம் விட்டு, பக்கத்தில் வெள்ளை எழுத்தில் எல்1 என்று அச்சடித்தும் இருந்தது. சுருளைக் காணோம். இரண்டு துளைக்கும் நடுவே ஒரு துண்டுக் கம்பியை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். வரைந்தவருக்குத் தெரிந்திருக்கிறது, கணக்குப் பார்த்தவர் எடுத்துவிட்டார். மொத்தமாக வாங்கினால் சில ரூபாய் சமாச்சாரம் சார் அது.

இரண்டாவது ஜாதி டிஓபி (டிரைவர் ஆன் போர்டு). டிரைவர் தனியாகக் கிடையாது, எல்இடி தட்டின் மேலேயே ஒரு லீனியர் ஐசி உட்கார்ந்திருக்கும். இது எதையும் வெட்டுவதில்லை. தேவைக்கு மேல் இருக்கிற வோல்ட்டைச் சூடாகக் கழித்துவிடும். எஃபிஷியன்ஸி கொஞ்சம் குறைவு, ஒளி நொடிக்கு 100 தடவை துடிக்கும், செல்போன் கேமராவில் பட்டை ஓடும். வோல்டேஜ் எகிறினால் சீக்கிரம் போய்விடும். ஆனால் ரேடியோவுக்குச் சத்தமே வராது. கிட் வாங்கி வீட்டிலேயே பல்பு தயாரிக்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் போடுகிறார்கள்.

மூன்றாவது கெபாசிட்டர் டிராப்பர். ஜீரோ வாட்ஸ் பல்பு, ரொம்ப மலிவான பல்பு எல்லாம் இதுதான். பவர் ஃபாக்டர் படுமோசம், துடிப்பும் உண்டு. ஆனாலும் ரேடியோவுக்குப் பரம சாது.

ஆக, விலை கூடின பல்பு என்றால் சத்தம் குறைவாக இருக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். கடைக்குப் போகும்போது பாக்கெட் ரேடியோவைக் கொண்டுபோங்கள். டெஸ்டிங் ஹோல்டரில் போட்டுக் காட்டச் சொன்னால் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டோம்.

நெறியாளர்

இரண்டு பதிவுகளில் பல்பு கம்பெனி பெயர்களை நீக்கியிருக்கிறேன். ஒரே பெயரில், ஒரே பெட்டியில் வருகிற பல்புக்குள்ளேயே போர்டு மாறுகிறது. பெயரைச் சொல்லித் திட்டுவதால் வாங்குகிறவருக்கு எந்தப் பயனும் இல்லை.

சிக்கன வெளிச்சம், மதுரை

படித்துக்கொண்டே வந்தேன், பொறுக்கவில்லை. 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் 9 வாட் எரிகிறது. தினம் ஐந்து மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 93 யூனிட் மிச்சம், அதுவும் ஒரே ஒரு பல்பில். மத்திய அரசின் மலிவு எல்இடி திட்டமான உஜாலா 2015 ஜனவரியில் தொடங்கியது. அதில் மட்டும் 36 கோடிக்கு மேல் பல்பு போயிருக்கிறது. பெருக்கிப் பாருங்கள். இவ்வளவு மின்சாரத்தை மிச்சம் பிடித்த ஒரு சாமானை, பொழுதுபோக்குக்குப் பேசுகிற சிலருக்கு ஹெட்போனில் கரகர என்கிறது என்பதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டுமா? உடனே சுனாமியில், வெள்ளத்தில் ஹாம்தான் உதவியது என்று ஆரம்பிப்பீர்கள், தெரியும்.

பழைய வால்வு, சேலம்

ஆரம்பிக்கத்தான் செய்வேன். 2004 டிசம்பர் 26 அன்று, பாரதி பிரசாத் தலைமையில் போயிருந்த ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து ஹாம் அலைவரிசையில் பேசும் வாய்ப்புக்காக உலகம் முழுவதும் ஆட்கள் வரிசையில் நின்ற சமயம். சுனாமி அடித்ததும் அந்தச் செட்டுகள் எல்லாம் சேதி சொல்லும் வேலைக்குத் திரும்பின. இன்னார் உயிரோடு இருக்கிறார் என்பதை இக்கரையில் யாரோ ஒருவர் தன் வீட்டுச் செட்டில் பிடித்துத்தான் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வீட்டு மாடியில் இரைச்சல் எஸ்8 என்றால் என்ன ஆகும் என்பது மட்டும்தான் என் கேள்வி.

மற்றபடி குண்டு பல்புக்குத் திரும்பிப் போகச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. என் வீடு முழுக்க எல்இடிதான். எல்1 இடத்தில் துண்டுக் கம்பிக்குப் பதில் சுருளை வை என்கிறோம், அவ்வளவுதான். நீங்கள் சொன்ன 93 யூனிட்டில் ஒன்றுகூடக் குறையாது.

சிக்கன வெளிச்சம், மதுரை

அதைச் சட்டம் கேட்கவில்லையா? பல்பு டப்பாவில் ஐஎஸ்ஐ மாதிரி முத்திரையும் நம்பரும் இருக்கிறதே?

அளவுகோல், சென்னை

அந்த நம்பர் பிஐஎஸ் (இந்தியத் தர அமைப்பு) கட்டாயப் பதிவு. அது கேட்பது ஐஎஸ் 16102-ன் முதல் பகுதி. ஷாக் அடிக்கக் கூடாது, தீப்பிடிக்கக் கூடாது, மூடி கழன்று வரக் கூடாது என்கிற பாதுகாப்பு விஷயங்கள். நட்சத்திர லேபிள் மின்சிக்கனத்தைப் பற்றியது. ரேடியோ இரைச்சலுக்கு என்று உலக அளவில் இருப்பது சிஸ்பர் 15 என்கிற தரம். ஐரோப்பாவில் விற்க வேண்டுமானால் அதற்கு இணையான தரத்தில் தேற வேண்டும். அமெரிக்காவில் சிஎஃப்எல்லை எஃப்சிசி (தகவல் தொடர்பு ஆணையம்) விதிகளின் பகுதி 18-லும் எல்இடியைப் பகுதி 15-லும் சேர்த்திருக்கிறார்கள்.

ஆனால் சிஸ்பர் 15-ல் தேறினால் பல்பு ஊமை என்று நினைத்துவிட வேண்டாம். 5 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை மின்கம்பியில் 60 டெசிபெல் மைக்ரோவோல்ட் வரை அனுமதி, அதாவது ஒரு மில்லிவோல்ட். எஸ்9 என்பது ரிசீவர் வாயில் 50 மைக்ரோவோல்ட். அதைப்போல் 20 மடங்கு, கம்பியில் சட்டப்படியே இருக்கலாம். கம்பியிலிருந்து ஆண்டெனாவுக்கு வருவதற்குள் எவ்வளவு தேய்கிறது என்பதுதான் உங்கள் கதியைத் தீர்மானிக்கும். பக்கத்தில் இருக்கும் பலமான ஒலிபரப்பைக் கேட்கிறவரை மனதில் வைத்து வகுத்த வரம்பு அது. பலவீனமான சிக்னலைத் துழாவுகிறவருக்குப் போதாது.

இன்னொன்று. 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் ஏறக்குறைய 10 மீட்டர். மீட்டர் பெட்டியிலிருந்து மாடி அறைக்கு ஒயரிங் ஓடுகிற தூரமும் அவ்வளவுதான். பல்பு தானே ஒலிபரப்பாது, சின்னது. சுவருக்குள் இருக்கிற கம்பிதான் அதற்கு ஆண்டெனா.

படகு எலக்ட்ரிக்கல், நாகப்பட்டினம்

கரையில் இருக்கிறவர்களுக்குப் பொழுதுபோக்கு, சரி. எங்கள் விசைப்படகுகளில் விஎச்எஃப் செட் இருக்கிறது, ஆபத்து அழைப்புக்கான 16-வது சேனல்தான் உயிர். டெக்கில் மீன் பிரிக்க வெளிச்சம் வேண்டும் என்று 24 வோல்ட் எல்இடி ஃப்ளட் லைட்டை மாஸ்டில் ஆண்டெனாவுக்கு ஒரு முழம் கீழேயே கட்டிவிடுகிறார்கள். லைட்டைப் போட்டதும் தூரத்துப் படகு காணாமல் போய்விடுகிறது. செட்டு பழுது என்று என்னிடம் கொண்டுவருவார்கள். பெஞ்சில் வைத்தால் நன்றாக வேலை செய்யும்.

அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018 ஆகஸ்டில் இதைப் பற்றியே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை விட்டது. கப்பல் இடங்காட்டுகிற ஏஐஎஸ்ஸும் இதனால் கெடுகிறது என்று அதில் இருக்கிறது. சோதிக்கிற முறை சுலபம். லைட்டை அணைத்துவிட்டு, யாரும் பேசாத சேனலில், இரைச்சலை அடக்குகிற ஸ்குவெல்ச் குமிழைத் திருப்பிச் சத்தம் சரியாக நிற்கிற இடத்தில் வையுங்கள். இப்போது லைட்டைப் போடுங்கள். மறுபடி சர்ரென்று வந்தால் குற்றவாளி அதுதான். இதை ஒவ்வொரு படகு டிரைவரிடமும் செய்து காட்டுகிறேன். லைட்டை மாற்றுகிறவர்களும் உண்டு, ஆண்டெனாவை நகர்த்துகிறவர்களும் உண்டு. கடலுக்குள் போனதும் லைட்டை அணைத்துவிட்டுப் பேசிக்கொள்கிறோம் என்கிறவர்கள்தான் அதிகம். நீங்கள் கூப்பிடும்போது அணைப்பீர்கள், உங்களை ஒருவன் கூப்பிடும்போது யார் அணைப்பது?

சிக்கன வெளிச்சம், மதுரை

படகு விஷயம் எனக்குத் தெரியாது. அது நியாயம்தான். தரத்தில் சேர்க்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பல்பு விலை ஏறினால் முதலில் அடிபடுவது ரேடியோக்காரர் இல்லை என்பதையும் எழுதி வையுங்கள்.

மொட்டைமாடி டைபோல், கும்பகோணம்

தேடிப் பார்த்தாயிற்று. எல்லாரும் சொன்னபடி பேட்டரியில் ஓட்டி, இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் அணைத்தேன். முள் அரைப் புள்ளிகூட இறங்கவில்லை. பாக்கெட் ரேடியோவோடு சுற்றுச்சுவர் ஓரமாக நடந்தபோது, டைபோலின் முனை முடிகிற பக்கம் வந்ததும் கத்தல் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு கார் ஷெட்டில் ஒரு 50 வாட் எல்இடி ஃப்ளட் லைட். திருட்டு பயத்துக்காக மகன் வெளியூரிலிருந்து வாங்கி அனுப்பியது, இருட்டினால் தானாகவே எரியும்.

பெரியம்மாவிடம் ஹாம், ஹார்மோனிக் என்று பேசி என்ன ஆகப்போகிறது என்று தயங்கிக்கொண்டே போனேன். திண்ணை ஜன்னலில் அவர்களுடைய பழைய டிரான்சிஸ்டர் இருந்தது. "சாயங்காலம் ஆனா திருச்சி ஸ்டேஷனே சரியில்லப்பா, முன்ன மாதிரி இல்ல" என்றார்கள். ஷெட்டு சுவிட்சை அணைத்துவிட்டு வந்து பாருங்கள் என்றேன். அணைத்ததும் செய்தி வாசிக்கிற குரல் கணீரென்று வந்தது. போட்டார்கள், கரகர. அணைத்தார்கள், குரல். அப்புறம் மகனுக்கு அவர்களே போன் போட்டு, "நீ அனுப்பின லைட்டு ரேடியோவ திங்குதுடா" என்று சொல்லிவிட்டார்கள். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை.

ஃப்ளட் லைட்டை இறக்கிவிட்டு, சென்சார் ஹோல்டர் வைத்து இரண்டு டிஓபி பல்பு போட்டுக் கொடுத்தேன். இப்போது மாலையில் முள் 5. மிச்சமிருப்பதில் வேறு இடைவெளியில் சில பட்டைகள் மங்கலாகத் தெரிகின்றன. தெருவிளக்காக இருக்கலாம். அதை என்ன செய்வது?

பழைய வால்வு, சேலம்

8-லிருந்து 5 என்றால் 18 டெசிபெல். சக்தியில் 60 மடங்குக்கு மேல் குறைந்திருக்கிறது, சாமான்யம் இல்லை. தெருவிளக்குக்குப் போய்ச் சண்டை போடுவதற்கு முன் உன் ஃபீடரை, அதாவது ஆண்டெனாவிலிருந்து செட்டுக்கு வருகிற கோஆக்ஸ் கேபிளைப் பார். கோஆக்ஸின் மேலுறையே ஒரு நீளமான கம்பி, வீட்டு ஒயரிங் சத்தத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு மேலே ஏறி டைபோலில் கலக்கும். டைபோலின் நடுவில், கேபிள் சேருகிற இடத்தில், 31 ரகப் பெரிய ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸை 12 சுற்று சுற்று. கேபிளில் கவ்வுகிற சின்ன கிளிப்பை ஒன்று மாட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லாதே. சுற்று இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. ஒரே சுற்றில் 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்றும் நடக்காது.

யாழ் அலை, பருத்தித்துறை

வணக்கம் அண்ணை. இங்கேயும் இதே பிரச்சினைதான். ஃபீடரில் அந்த ஃபெரைட் சோக் போட்டும் அடங்காவிட்டால், கேட்பதற்கு மட்டும் தனியாக ஒரு சின்ன லூப் ஆண்டெனா வைத்துப் பாருங்கோ. லூப்பைச் சுழற்றினால் ஒரு திசையில் ஆழமான வெட்டு விழும், அதைத் தெருவிளக்குப் பக்கம் திருப்பிவிடலாம். அனுப்புவதற்கு டைபோல், கேட்பதற்கு லூப். வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, வளவின் மூலையில் வைத்தால் இன்னும் நல்லம். எத்தனையோ மின்குமிழ் மாற்றியும் கிடைக்காத அமைதி எனக்கு அதில் கிடைத்தது.

திருச்சி 936, திருவையாறு

ஹாம்காரர்களுக்கு வளையம், லூப் எல்லாம் சரி. எனக்கு டியூப் லைட்டின் சத்தம் மட்டும் போனால் போதும். ஃபெரைட் வளையம் எங்கே கிடைக்கும்? ஆன்லைனில் பார்த்தேன், அந்த விலைக்கு நாலு டியூப் வாங்கலாம்.

சோக்குக் கடை, ஈரோடு

புதிது வேண்டாம். பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) ஒன்றைக் காயலாங்கடையில் எடை போட்டு வாங்குங்கள். பிளக் சொருகுகிற இடத்துக்கு உள்ளேயே இரண்டு சுருளை ஒரே கறுப்புக் கோரில் சுற்றி, பக்கத்தில் சதுரமாக மஞ்சள் கெபாசிட்டரும் வைத்திருப்பார்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தால் இருக்கும். மலிவானதில் அங்கேயும் துண்டுக் கம்பிதான், திறந்து பார்த்து வாங்குங்கள். அந்தப் பகுதியை அப்படியே எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, டியூப் லைட் லைனில் கொடுங்கள். கெபாசிட்டரின் மேல் எக்ஸ்2 என்று எழுதியிருக்க வேண்டும். கையில் கிடைத்த சாதாரண 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 230 வோல்ட்டில் குறுக்கே போட்டால் ஒருநாள் புகையும். கரன்ட் வேலை பழக்கமில்லை என்றால் ஆளை வைத்துச் செய்யுங்கள்.

அதே எஸ்எம்பிஎஸ்ஸில் மஞ்சள்-வெள்ளை பெயின்ட் அடித்த வளையமும் இருக்கும், அழகாகவே இருக்கும். அதை எடுத்துச் சுற்றாதீர்கள், அது இரும்புத்தூள். இந்த வேலைக்கு ஆகாது.

மொட்டைமாடி டைபோல், கும்பகோணம்

வளையம் சேலம் சாரே அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார், நன்றி சார். ஒரு சின்ன சந்தேகம். வீட்டில் புதிதாக ரிமோட் வைத்த பிஎல்டிசி ஃபேன் மாட்டப் போகிறார்கள், 28 வாட்தானாம். அதற்குள்ளும் இதே கூத்துதானா?

சோக்குக் கடை, ஈரோடு

அதேதான், மோட்டாரைச் சுழற்றுகிற சர்க்யூட்டும் சேர்த்து. வாங்குவதற்கு முன் கடையில் ரேடியோவை வைத்துப் பாருங்கள், எல்லா வேகத்திலும். ஃபேனுக்குத் தனி இழை திறங்கள், சொல்ல நிறைய இருக்கிறது.